ஆயக்குடியிலிருந்து பூப்பார்க்கப் போதல்: ஒரு திட்டமிடலியல் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

ஜப்பானில் மார்ச் கடைசியில் செர்ரி பூக்கிறது. ஊரே மரத்தடியில் விரிப்புப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறது. பழனி பக்கத்து ஆயக்குடியிலும் கொய்யா பூக்கிறது, மா பூக்கிறது. ஆனால் ஒருவரும் பாயை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனதாகத் தகவல் இல்லை. இதற்குக் காரணம் பூவா, பாயா, சொந்தக்காரர்களா என்று கண்டறிவதே இவ்வாய்வின் நோக்கம். “வசந்தத்துல நாமளும் எங்கயாச்சும் பூப் பார்க்கப் போவோம்” என்று வீட்டுக்கு வீடு யாராவது ஒரு பிள்ளை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சொல்வதால், ஆய்வின் அவசரம் சொல்லாமலே விளங்கும்.

2. முன்னோர் ஆய்வுகள்

கியோட்டோவில் செர்ரி மலர்ந்த நாட்களை 9-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலிருந்தே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய நாட்குறிப்புகளையெல்லாம் பேராசிரியர் யசுயுகி அவோனோ திரட்டி ஒழுங்குபடுத்தினார். 2021-ல் மார்ச் 26-ஆம் தேதியே முழுதாய்ப் பூத்துவிட்டது. அதுவரையிலான 1,200 ஆண்டுக் கணக்கில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை. டோக்கியோவுக்கென்று யாசுகுனி ஆலய வளாகத்தில் ஒரு மாதிரி மரமே உண்டு. அதில் ஐந்தாறு பூ விரிந்ததும் வானிலைத் துறை அதிகாரி ‘பூத்துவிட்டது’ என்று முறைப்படி அறிவிப்பார். அதற்கு முன் பூத்தால் அது மரத்தின் சொந்தக் கருத்து.

3. கணக்கீடு

அந்நாட்டில் ‘600 டிகிரி விதி’ என்று ஒன்று சொல்வார்கள். பிப்ரவரி 1 முதல் தினசரி அதிகபட்ச வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போனால், கூட்டுத்தொகை 600 செல்சியஸை எட்டுகிற சமயத்தில் டோக்கியோவில் செர்ரி மலரும். இதை ஆயக்குடிக்குப் பொருத்திப் பார்த்தோம். பிப்ரவரியில் நம் பக்கம் நாளுக்கு 32 டிகிரி என்று வைத்தால், 19-ஆம் தேதியே 600 தாண்டிவிடுகிறது. ஆக, டோக்கியோவை ஆயக்குடி ஒரு மாதத்துக்குமேல் முந்துகிறது. குறை, மரம் இல்லாததுதான். நட்டாலும், குளிரில் சில வாரம் உறங்கி எழுந்தால்தான் செர்ரி பூக்கும். நம் ஊர் மார்கழியில் மனிதர்கள்தான் போர்த்திக்கொண்டு உறங்குகிறார்கள்.

4. களத்தேர்வு

இந்தியாவில் செர்ரிப்பூவுக்குப் பேர்போன ஷில்லாங்கில் நவம்பரில் பூக்கிறது. வசந்தம் என்ற நிபந்தனைக்கு அது ஒத்துவராது. தமிழ்க் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். அக்னி நட்சத்திரத்தில் ஆயக்குடிச் சமவெளியில் பூப் பார்க்க நிற்பவரை ஊர் பார்க்கும்.

எனவே பார்வை மேலே போகிறது. பழனியிலிருந்து மலைப்பாதையில் சுமார் 65 கி.மீ. ஏறினால் கொடைக்கானல். அங்கே வில்பட்டி, பள்ளங்கி பக்கம் பிளம்ஸ் மரங்கள் தை, மாசியில் வெள்ளை வெளேரென்று பூக்கும். செர்ரியும் பிளம்ஸும் புரூனஸ் என்ற ஒரே பேரினம், உறவுமுறையில் பங்காளிகள். பாஸ்போர்ட் வேண்டாம். 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். அரசுப் பேருந்தில் போனால் அதுவும் வேண்டாம்.

குறிஞ்சியையும் பரிசீலித்தோம். 12 ஆண்டுக்கு ஒருமுறை. 2006, 2018, அடுத்தது 2030. வசந்தத்தில் அல்லாமல் ஆடிக்குப் பிறகு பூக்கும். கொடைக்கானலில் 1936-ல் லீலாவதி இராமநாதன் கட்டிய குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்து மேகம் இல்லாத நாளில் பழனி மலை தெரியும். ஆகவே நம்மவர்கள் அங்கே போய், பூவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு “நம்ம ஊரு தெரியுதா பாரு” என்று நிற்பதற்கான வாய்ப்பு மிக அதிகம்.

5. திட்டக்குழு

பயணத்தை முடிவு செய்யும் குழுவில் நால்வகையினர் உளர்.

அ) காலண்டர்க்காரர்: பெரியப்பா. அஷ்டமி, நவமி, கரிநாள், தைப்பூசக் கூட்டம் எல்லாம் கழித்த பிறகு தை மாதத்தில் அவர் மிச்சம் வைப்பது ஒரு புதன்கிழமை. அன்று பிள்ளைகளுக்குப் பரீட்சை.

ஆ) பொருளியலாளர்: அத்தை. “பூவைப் பார்க்கவா வேன் வாடகை? நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போனா மூட்டை மூட்டையாப் பார்க்கலாம், வரும்போது அரைக் கிலோ மல்லியும் வாங்கிக்கலாம்.” இவ்வாதத்தை மறுக்க இயலவில்லை.

இ) உடற்கூற்றியலாளர்: சித்தி. கொண்டை ஊசி வளைவுகள், எலுமிச்சம்பழம், பாலித்தீன் பை ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் பேசமாட்டார்.

ஈ) உணவியலாளர்: மாமா. புளிசாதமா தக்காளி சாதமா என்பது தீர்ந்த பிறகே தேதி.

எல்லோரும் ஒத்துக்கொள்வது பள்ளி விடுமுறையில்தான். அதாவது மே மாதம். 2025 கோடையில் உயர் நீதிமன்றம் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பு வைத்ததற்கு, எல்லா ஊர்க் குழுக்களும் ஒரே விடுமுறையில் ஒத்துக்கொண்டதே காரணம். மேலே போய்ச் சேரும்போது பிளம்ஸ் பூ பழமாகி, சாலையோரத்தில் கூறு கட்டி விற்றுக்கொண்டிருக்கும்.

6. கண்டுபிடிப்பு

ஆயக்குடியில் பூப்பார்ப்போர் இல்லை என்ற நம் கருதுகோள் இங்கே உடைகிறது. ஒருவர் இருக்கிறார்: மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகைக்குப் பிடிப்பவர். தை பிறந்ததும் வெயிலுக்கு முன்பே தோப்புக்கு வருகிறார். பூங்கொத்தை உலுக்கித் தத்துப்பூச்சி பறக்கிறதா என்று பார்க்கிறார். பனி விழுகிறதா, வானம் மூடுகிறதா என்று கவனிக்கிறார். இரண்டும் நீடித்தால் பூ கருகிக் கொட்டிவிடும் என்பது அவருக்குத் தெரியும். பிறகு ஒரு தொகை சொல்கிறார். யாசுகுனி அதிகாரியின் அறிவிப்பு தப்பினால் நாளிதழில் செய்தி வரும். இவருடைய கணிப்பு தப்பினால் போட்ட பணம் போய்விடும். முன்பணம் கொடுக்கத்தான் நல்ல நேரம் பார்ப்பாரே தவிர, பூவைப் பார்க்கப் போவதற்குப் பெரியப்பாவைக் கேட்பதில்லை.

7. முடிவும் பரிந்துரையும்

பூவைக் கேட்டுத் தேதி வைத்தால் அது பூப்பார்க்கும் பயணம். சொந்தக்காரர்களைக் கேட்டு வைத்தால் பழம் வாங்கும் பயணம். இரண்டும் நல்லவையே, இரண்டுக்கும் புளிசாதம் ஒன்றுதான்.

மாசியில் ஒரு வார நாளில், பழனியில் கொடைக்கானல் பேருந்தைப் பிடித்து, இருவராகப் போய் வருமாறு இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. எல்லோரும் சேர்ந்துதான் போகவேண்டும் என்போர் 2030 குறிஞ்சிக்குத் தேதி பேச இப்போதே உட்காரவும்.