அக்டோபர் சார்

புரட்டாசிச் சனிக்கிழமைகள் முடிவதற்குள் சென்னைக்குத் தெற்கே நாவலூரில் ஒரு ரக மனிதருக்கு வேட்டி கணுக்காலில் நிற்காது. மடித்துக் கட்டிக்கொண்டு, ஏணியும் கையுமாகத் திரிவார். தெரு அவருக்கு வைத்த பெயர் 'அக்டோபர் சார்'. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்றும் இருக்கிறது, மற்ற பதினொரு மாதங்களுக்கு. இவர் ஒருவர்தான் என்று நினைத்துவிட வேண்டாம். தாழம்பூர், பெரும்பாக்கம், முடிச்சூர் என்று எந்தப் பக்கம் போனாலும் நகருக்கு ஒருவர் இதே ஏணியோடு அகப்படுவார்.

வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும் என்பது வானிலைத் துறையின் கணக்கு. சாருக்கு அது கெடு தேதி. அன்றிலிருந்து செல்போனில் காற்று வரைபடம் சுழன்றபடியே இருக்கும். "ஐரோப்பிய மாடல் நாகப்பட்டினம்கறான், அமெரிக்க மாடல் நெல்லூர்ங்கறான்" என்பார், இரண்டு சம்பந்தி வீட்டுக்கும் நடுவே பஞ்சாயத்துக்கு வந்தவர் குரலில். வானிலை மைய ரமணன் தொலைக்காட்சியில் வந்து ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டுப் போன காலம் பொற்காலம் என்பதும் அவர் கட்சி.

அவர் வீடு, ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைப்பதற்கு முன்பு மனை வாங்கிக் கட்டியது. கட்டியபோது தெருவிலிருந்து நான்கு படி ஏறித்தான் வாசலுக்கு வர வேண்டும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போடப் போட, தடவைக்கு ஒரு படி பூமிக்குள் போனது. இப்போது விருந்தாளிகள் அவர் வீட்டுக்குள் இறங்கி வருகிறார்கள். ஹரியானாவிலிருந்து ஆட்கள் வந்து ஜாக்கி வைத்து முழு வீட்டையும் தூக்கித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. "வீட்டை அப்புறம் தூக்கலாம், மொதல்ல அந்த சிலிண்டரைத் தூக்கி மேல வைங்க" என்று வீட்டம்மா சொல்லிவிட்டார்.

முதல் வேலை மொட்டை மாடி. தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் ஒரு பழைய துணியை அடைத்து, மாடி முழுக்கத் தண்ணீர் கட்டி, ராத்திரி முழுக்க விட்டுவைத்தால் ஒழுகல் எங்கே என்று தெரிந்துவிடும். கொத்தனார்கள் காலம் காலமாகச் செய்யும் சோதனைதான். சார் அதில் ஒரு திருத்தம் செய்தார். வெறும் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று எப்படித் தெரியும்? அரை பாட்டில் சொட்டு நீலம் கலந்துவிட்டார். மறுநாள் காலை, மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் சிறுசேரி ஐ.டி. பெண் இறங்கி வந்தாள்.

"அங்கிள், பெட்ரூம் சீலிங்ல நீலமா ஏதோ மேப் வந்திருக்கு."

சார் பென்சிலோடு மேலே ஓடினார். ஸ்டூலில் ஏறி நீலத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதி, "அப்பாடா, புடிச்சாச்சு!" என்றார். கட்டில் மேல் விரித்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பை அவர் கவனிக்கவில்லை. அவள் கவனித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து கொத்தனார். அக்டோபரில் அவர் கையில் சிக்குவதே புண்ணியம்.

"போன வருஷம் பூசினதுதானேப்பா, மறுபடி ஒழுகுதே?"

"அது ஒழுகல் இல்ல சார், ஓதம்."

"சரி, ஓதத்துக்கு என்ன பண்றது?"

"தளம் நல்லா காயணும் சார். ஈரத்து மேல பூசுனா நிக்காது. மே மாசமே கூப்ட்டிருக்கணும் நீங்க."

கொத்தனார் சொல்வது நியாயம்தான். ஆனால் மே மாதத்தில் சார் வேறு வேலையாக இருப்பார்: டேங்கர் லாரிக்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருப்பார். ஓ.எம்.ஆரின் விசித்திரமே இதுதான். நவம்பரில் மோட்டார் வைத்து வாசலுக்கு வெளியே தள்ளுகிற அதே தண்ணீரை, மே மாதம் காசு கொடுத்து சம்புக்குள் விட வேண்டும். 2003-இல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது சாரும் தொட்டி தோண்டினார். வருஷத்துக்கொரு முறை தூர் வாரி, ஜல்லியைக் கழுவிப் போட்டால் அது வேலை செய்யும். சார் அக்டோபரில் மூடியைத் திறப்பார், உள்ளே இருக்கும் தவளை இவரைப் பார்க்கும், மூடிவிடுவார்.

அவரது பரணைப் பார்த்தால் சென்னையின் பேரிடர் வரலாறு முழுக்கத் தெரிந்துவிடும். 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய ஒரே நாள் மழையில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அதன் நினைவாக ஒரு லாரி டியூப், நைலான் கயிறு, பத்திரங்களைப் போட்டுக் கட்டிய பிளாஸ்டிக் உறைகள். டியூபும் கயிறுமாக அவர் தயாராக இருந்தபோது, 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் வந்தது. அது தண்ணீரை விட்டுவிட்டுக் காற்றைக் கையில் எடுத்தது. மரம் சாய்ந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. சார் மரம் அறுக்கும் வாளும் இன்வெர்ட்டரும் வாங்கினார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மறுபடி தண்ணீர். தரையில் வைத்திருந்த இன்வெர்ட்டர்தான் முதலில் மூழ்கியது. ஊரெல்லாம் பால் பாக்கெட்டுக்கு அலைந்தது. அதிலிருந்து பரணில் பால் பவுடர் டப்பாக்கள். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் கார்களை வரிசையாக நிறுத்திய படத்தைப் பார்த்ததும், "நான் சொன்னப்ப சிரிச்சீங்களே" என்று தெருவையே கேட்டார். அந்த முறை பயந்த அளவுக்கு மழை பெய்யவில்லை என்பதை அவர் தனிப்பட்ட அவமானமாகவே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு அக்டோபரிலும் சார் போன புயலுக்குத்தான் படிக்கிறார். வருகிற புயல் வேறு பாடத்தில் கேள்வி கேட்கிறது. இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசாங்கங்களும் அப்படித்தான் படிக்கின்றன.

ஈரத்தில் உப்பிய கதவுக்கு ஆசாரியை அழைத்து இழைக்கச் சொல்வார். சித்திரையில் கதவு சுருங்கியதும் அந்த இடுக்கு வழியாகப் பல்லியும், பக்கத்து வீட்டு சீரியல் வசனமும் தாராளமாக உள்ளே வரும்.

மழை ஓய்ந்தால் மார்கழி. தெர்மாமீட்டர் இருபதைத் தொட்டாலே சார் குரங்குக் குல்லாய்க்குள் போய்விடுவார். காஷ்மீரில் ஒரு கல்யாணத்துக்குப் போன மருமகன் வாங்கி வந்த கம்பளியை வெயிலில் உதறுவார். தூசியில் தெருவே தும்மும். "பனி தலையில எறங்கிடும்" என்று வாட்ச்மேனுக்கும் ஒரு மஃப்ளர் தருவார். வாட்ச்மேன் டார்ஜிலிங் பக்கத்து ஆள். மரியாதைக்காக வாங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வியர்ப்பார்.

நிஜமான ஆயத்தம் சமையலறையில், ஏணி இல்லாமல் நடக்கும். அரிசி தகர டின்னுக்குப் போகும், வடாம் இறுக மூடிய டப்பாவுக்கு. சுக்கும் மல்லியும் பொடியாகும். வீட்டம்மா இதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. அதனால் இதற்கு ஒரு பட்டப்பெயரும் கிடைக்கவில்லை.

முதல் இரவு கரண்ட் போனதும், ஏணியைப் பார்த்துச் சிரித்த தெரு சார் வீட்டு வாசலில் நிற்கும். "சார், டார்ச் இருக்கா?" "அங்கிள், பவர் பேங்க்?" "சார், அந்த மோட்டாரை ஒரு அரை மணி…" அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், தீபாவளி அப்போதுதான் அவருக்கு. எதையும் மறுக்கமாட்டார், ஆனால் ஒரு நீள நோட்டில் பொருள், பெயர், தேதி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார். கடைசிப் பத்தி 'திரும்பியது'. அது எப்போதும் காலி. அடுத்த புரட்டாசியில் அந்த நோட்டோடு வீடு வீடாகப் போய் தன் டார்ச்சைக் கேட்பதில்தான் அவருடைய மழைக்கால ஏற்பாடு தொடங்குகிறது. ஏணியும் போன வருஷம் மூன்றாம் தெருவுக்குப் போனதுதானாம்.