எஸ்டிமேட் 36

மகள் வீட்டில் போய் இறங்கிய மறுநாள் காலை. அமெரிக்காவில் ஆர்லாண்டோ பக்கம் ஒரு கோல்ஃப் காலனி. பின்கட்டில் காபியோடு உட்கார்ந்திருந்தேன். தலைக்கு இரண்டு முழம் தள்ளி ஒரு வெள்ளைப் பந்து விழுந்து, தட்டி எழும்பி, கறிவேப்பிலைத் தொட்டிக்குள் போய் ஒண்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் புல்வெளிப் பக்கமாக ஒரு குட்டி வண்டி வந்து நின்றது. தொப்பிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். பந்தையும் கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. வந்த வழியே போய்விட்டார்.

மாப்பிள்ளையிடம் பொங்கினேன். அவர் பதறாமல் உள்ளே போய் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினார். "இந்தப் பாராவைப் படிங்க மாமா." நம் ஊர்ப் பத்திரத்தில் நடைபாதை, வண்டிப்பாதை பாத்தியதை என்று எழுதுவோமே, அதுபோல இதில் பந்துக்குப் பாத்தியதை எழுதியிருந்தது. மைதானத்திலிருந்து பந்து வந்து விழலாம். அதற்காகக் கிளப் மேல் வழக்குப் போடக் கூடாது. இதற்குக் கையெழுத்தும் போட்டு, கோல்ஃப் பார்த்த வீடு என்று பின்தெருவைவிடக் கூடுதல் விலையும் கொடுத்திருக்கிறார். உள்ளாட்சி நிதித் தணிக்கையில் 33 வருஷம் இருந்தவன் நான். கல்லெறி வாங்கக் காசு கட்டிய ஆளை எந்தக் கோப்பிலும் சந்தித்ததில்லை.

என் மனைவி பத்திரமெல்லாம் படிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது கறிவேப்பிலையில் ஒரு கொப்பு முறிந்தது மட்டும்தான். ஒரு வாளியை எடுத்து வைத்தாள். விழுகிற பந்தெல்லாம் அதற்குள் போயின. மூன்று வாரத்தில் 41. "எவனாவது கேட்டு வரட்டும், பேசிக்கிறேன்" என்று காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. அவளுக்கு அங்கே இன்னொரு குறையும் இருந்தது: எந்த இந்தியக் கடையிலும் பிள்ளையாருக்கு அருகம்புல் கிடைக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பல் டாக்டர், அமெரிக்கர். பொழுது போகாத என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு ஆட்டத்துக்கு அழைத்தார். வேட்டி ஆகாதாம், காலர் வைத்த சட்டை வேண்டுமாம். மாப்பிள்ளையின் சட்டை வயிற்றருகே மூச்சுத் திணறியது. டாக்டர் தன் பழைய மட்டைப் பையை எனக்குக் கொடுத்தார். திறந்தால் கல்யாணச் சமையல்காரரின் கரண்டி மூட்டை. ஒருவர் 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாமாம், ஒரே ஒரு பந்தை அடிக்க. சர்க்கரைக்கு நடை நல்லது என்றுதான் நான் ஒப்புக்கொண்டதே. டாக்டர் பேட்டரி வண்டியைக் காட்டி "ஏறுங்க" என்றார்.

முழு ஆட்டம் 18 குழி. உங்களுக்கு 9 போதும் என்றார். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு காலத்தில் 22 குழி ஆடியிருக்கிறார்கள். 1764இல் யாரோ புண்ணியவான்கள் 18 ஆக்கினார்களாம். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடியில் பந்து உள்ளே போக வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு கணக்கு உண்டு, அதன் பெயர் பார். எனக்கு உடனே பிடிபட்டது. எஸ்டிமேட்! எங்கள் 9 குழிக்கும் சேர்த்து 36 அடி. அதற்கு மேல் போனால் கூடுதல் செலவு. சரி, செலவுக் கணக்கை எழுதுவது யார்? செலவு செய்தவரே. நடுவர் கிடையாது, சாட்சி கிடையாது. எனக்கு நெஞ்சு படபடத்தது.

முதல் வீச்சில் காற்றுதான் அடிபட்டது. "எண்ணாதீங்க, முல்லிகன்" என்றார் டாக்டர். தவறிய அடியை மறந்துவிட்டு மறுபடி அடிக்கலாமாம். சட்டப் புத்தகத்தில் அது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார், சிரித்துக்கொண்டே.

அந்தக் குழிக்கு எஸ்டிமேட் 4. என் செலவு 11.

"9 போடுங்க. புதுசா ஆடுறவங்களுக்குப் பாருக்கு மேல 5 வரைதான் கணக்குல ஏறும்."

"மீதி 2 அடி?"

"அது இல்லை."

"அடிச்சேனே?"

"அடிச்சீங்க. ஆனா இல்லை."

எத்தனையோ ஊராட்சித் தலைவர்கள் என்னிடம் இதையே சொல்லப் பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்கும் இவ்வளவு அமைதியாகச் சொல்ல வந்ததில்லை. நான் 11 என்றே எழுதினேன்.

குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். டாக்டரின் பந்து அதிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. "போனதா வச்சுக்கலாம்" என்று கையில் எடுத்துக்கொண்டார். வேலை முடியுமுன்பே நிறைவுச் சான்றிதழ். 3ஆம் குழியில் அந்தச் சாண் ஒரு முழமானது. 5ஆம் குழியில் ஒரு குடை நீளம். பழக்கதோஷம், அவருக்கும் ஒரு தனிக் கணக்கை என் சட்டைப்பையில் எழுதி வந்தேன். 6 குழி முடிந்தபோது அவர் சீட்டில் 27, என் துண்டுச் சீட்டில் அவருக்கு 33. எனக்கு 58. அதில் ஆட்சேபணை ஏதும் இல்லை.

குளத்தில் போன பந்தைத் தேட 3 நிமிஷம் அவகாசம் உண்டு. 2019க்கு முன் 5 நிமிஷமாம். கரையில் முதலை படம் போட்ட பலகை இருந்தது. நான் 3 விநாடியில் தேடி முடித்துவிட்டேன்.

என் மட்டை பந்தில் பட்டதைவிட மண்ணில் பட்டதுதான் அதிகம். வீச்சுக்கு வீச்சு உள்ளங்கை அகலப் புல்பத்தை பெயர்ந்து பறந்தது. டாக்டர் ஒவ்வொன்றையும் பொறுக்கிவந்து, பெயர்ந்த இடத்தில் வைத்து, சொத்தைப் பல்லை அடைப்பது போலப் பதமாக மிதித்தார். "பெர்முடா புல். ஃப்ளோரிடா வெயிலுக்கு இதுதான் தாங்கும்" என்றார் பெருமையாக. வியர்வையில் என் கால்சட்டை முட்டி வரை புல்லும் மண்ணும் அப்பியிருந்தன.

7ஆம் குழி. தூரத்தில் எங்கள் கறிவேப்பிலை தெரிந்தது. அன்றைக்கு முதல்முறையாகப் பந்து மட்டையின் நடுவில் பட்டது. என்ன சத்தம்! ஆனால் நேராகப் போகாமல் வலப்பக்கம் வளைந்து வளைந்து வீட்டை நோக்கியே போனது. இப்படி நேர்ந்தால் "ஃபோர்" என்று கத்த வேண்டுமாம். எனக்கு "அடியே, தள்ளு!" என்றுதான் வந்தது.

வண்டியில் போய்ப் பார்த்தோம். சர்வே கல் மாதிரி வரிசையாக நட்ட வெள்ளைக் குச்சிகளுக்கு அந்தப் பக்கம் பந்து கிடந்தது. எல்லை தாண்டிவிட்டது, 1 அடி அபராதம், பழைய இடத்துக்கே போய் மறுபடி அடிக்க வேண்டும் என்றார் டாக்டர். அந்தத் தொப்பிக்காரர் ஏன் வந்த வழியே போனார் என்பது அப்போதுதான் விளங்கியது. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

மனைவி வாளியோடு வந்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் என் பந்தை எடுத்து வாளியில் போட்டாள். 42.

பிறகு அவள் பார்வை என் கால்சட்டைக்கு இறங்கியது. குனிந்து ஒரு துணுக்கைக் கிள்ளி, கணுவைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இது அருகம்புல்!"

அதேதான். அன்று ராத்திரி மகள் செல்போனில் தேடிப் பார்த்தாள். பிள்ளையாரின் அருகும் டாக்டரின் பெர்முடாவும் ஒரே குலம். மைதானப் புல் ஓர் ஆப்பிரிக்கச் சொந்தத்தோடு கலந்து மெருகேறிய வாரிசு, அவ்வளவுதான். மருந்து தெளித்திருப்பார்களே என்றதற்கு, "பிள்ளையார் என்ன சாப்பிடவா போறாரு" என்றாள் இவள்.

அது ராத்திரிக் கதை. புல்லைப் பார்த்த கையோடு மனைவி உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். "நாளைக்குச் சதுர்த்தி. இன்னும் ரெண்டு குழி இருக்குல்ல? மண்ணோட சேர்த்து நல்லா வெட்டி அடிங்க."

வண்டி திரும்பியதும் டாக்டர் கேட்டார், வீட்டில் என்ன சொன்னார்கள் என்று.

"பந்தை மட்டும் அடிக்கிறேனாம். மண்ணோட சேர்த்து அடிக்கச் சொல்றா."

டாக்டர் வண்டியை நிறுத்தி, எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். "பெரிய ஆட்டக்காரங்க இரும்பு மட்டையில அப்படித்தான் அடிப்பாங்க. அவங்க எத்தனை வருஷமா ஆடுறாங்க?"