தகரத்தைத் தட்டாதீர்கள், மரத்தைக் குத்துங்கள்!

கேள்வி: கொல்கத்தாவில் ஒரு பழைய வீட்டு ஷெட்டில் 1948 எம்.ஜி. டி.சி. ஸ்போர்ட்ஸ் கார் தூசியோடு கிடக்கிறது. புதுப்பிக்கும் முன் எப்படி விலை மதிப்பது?

பதில்: கதவைத் திறந்து, கீல் பக்கத்து மரத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். தகரத்துக்கு உள்ளே இருப்பது ஆஷ் மரச் சட்டம். வங்காளத்து ஈரத்துக்கு நல்ல தீனி! ஸ்க்ரூடிரைவர் சுலபமாக இறங்கினால், பாடியையே புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். அடுத்து, 1,250 சிசி எஞ்சின். அதன் எண் ‘எக்ஸ்.பி.ஏ.ஜி.’ என்று தொடங்குகிறதா? சேசிஸ் எண் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா? ஓடாத எஞ்சினுக்கு மல்லிக் பஜார் உதிரிபாகக் கடைகளில் வைத்தியம் உண்டு. ஒத்துப்போகாத எண்ணுக்குக் கிடையாது. நன்றாக ஓடும் டி.சி.யின் சந்தை விலையிலிருந்து பழுதுச் செலவைக் கழியுங்கள். மிஞ்சுவதே இன்றைய விலை. ஒன்றும் மிஞ்சாவிட்டாலும் ஆசை மிஞ்சினால், தாராளமாக வாங்குங்கள். கொல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பழங்கால கார் ராலியில் அதை ஓட்டும் சுகத்துக்கு எந்தக் கணக்கிலும் கழித்தல் இல்லை!