இதைப் படிச்சிட்டீங்களா சார்?

"சாப்பிட்டீங்களா?" என்று விசாரிப்பவர்கள் நிறைந்த நாட்டில், "படிச்சிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே எதிரில் வருகிற ஆசாமி ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். அவர்தான் சயின்ஸ் பிக்‌ஷன் சிபாரிசுக்காரர். இல்லை என்று சொன்னால் அரை மணி நேரம் போகும். ஆமாம் என்றால் ஒரு மணி நேரம். படித்தவனுக்கு ஏன் தண்டனை கூடுதல் என்றால், படித்தது மூலமா மொழிபெயர்ப்பா, எந்தப் பதிப்பு, அட்டையில் ராக்கெட் போட்டதா போடாததா என்று குறுக்கு விசாரணை நடக்கும்.

எனக்கு வாய்த்தவர் திருப்பத்தூர்க்காரர். அரசாங்க உத்தியோகம், அரைக்கை சட்டை, தோளில் ஜோல்னாப் பை. பைக்குள் என்ன இருக்கிறது என்று பல வருஷமாக எனக்குத் தெரியாது. கேட்டால், "அது இருக்கட்டும் சார், அசிமோவோட ஃபவுண்டேஷன் படிச்சிட்டீங்களா?" என்பார்.

இவருடைய ரசனைக்கு ஒரே ஒரு விதிதான்: எதுவாக இருந்தாலும் அது ஏற்கெனவே வந்துவிட்டது. 'எந்திரன்' பிரமாதம் என்று சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் சுஜாதா 'என் இனிய இயந்திரா'விலேயே எழுதிட்டார் சார்" என்பார். சரி, சுஜாதா பிரமாதம் என்றால், அசிமோவ். அசிமோவ் என்றால், 1920-ல் நாடகம் எழுதி 'ரோபோ' என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்த காரெல் சாபெக். சாபெக்கை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் ஒரு கணம் தடுமாறுவார்; உடனே சமாளித்துக்கொண்டு புஷ்பக விமானத்துக்குப் போய்விடுவார். 'அயலான்' பார்த்துவிட்டு வந்த என் மகனிடம், "தம்பி, 1963-லேயே 'கலை அரசி'ன்னு ஒரு படம். பாட்டுக் கத்துக்குடுக்கப் பானுமதியை வேற கிரகத்துக்காரன் தூக்கிட்டுப் போயிடறான், எம்.ஜி.ஆர். அங்கேயே போய் மீட்டுட்டு வர்றார். ஸ்டார் வார்ஸுக்குப் பதினாலு வருஷம் முந்தி!" என்றார். பையன் அன்றிலிருந்து அவர் வருகிற தெருவில் சைக்கிள் ஓட்டுவதில்லை.

நானும் ஏமாந்திருக்கிறேன். அவர் நச்சரிப்புத் தாங்காமல் ஃபவுண்டேஷன் வரிசையில் முதல் மூன்றை வாங்கி, கண் எரியப் படித்து முடித்தேன். ஓடிப்போய், "அந்த ரெண்டாவது ஃபவுண்டேஷன் எங்கே ஒளிஞ்சிருந்ததுன்னா..." என்று ஆரம்பித்தேன். "ஐயோ, சொல்லிடாதீங்க சார்!" என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். சுஜாதாவின் ஜீனோ ஒரு ரோபோ நாய். அதுகூடப் புத்தகம் படிக்கும்.

இப்படிப்பட்டவரோடு ஒரு சனிக்கிழமை ஜவ்வாது மலைக்குப் போனேன். காவலூர் வானாய்வகத்தில் சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுவார்கள். வானம் ஒத்துழைத்தால் சின்னத் தொலைநோக்கி ஒன்றில் ஏதாவது கிரகத்தையும் காட்டுவார்கள். கதையிலேயே காலம் தள்ளுகிறவர் ஒருநாள் நிஜத்தையும் பார்க்கட்டுமே என்பது என் எண்ணம்.

ஆலங்காயத்தில் பஸ் ஏறியதுமே என் டிக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டார். "கடைசி நாலு நம்பர் சொல்றேன் பாருங்க. 3524. பெரிசிலிருந்து சிறிசா எழுதினா 5432. திருப்பினா 2345. கழிச்சா 3087. இதையே திரும்பத் திரும்பப் பண்ணுங்க." டிக்கெட்டின் பின்பக்கம் பேனா ஓடியது. 8730-லிருந்து 0378 போக 8352. 8532-லிருந்து 2358 போக 6174. "வந்துடுச்சா! நாலும் ஒரே இலக்கமா இல்லாத எந்த நாலு இலக்க எண்ணை எடுத்தாலும் ஏழு தடவைக்குள்ள 6174-ல வந்து நிக்கும். கப்ரேகர்னு நம்ம நாட்டு வாத்தியார் கண்டுபிடிச்சது. இந்தத் தலைப்புல சுதாகர் கஸ்தூரி நாவலே எழுதியிருக்கார். படிச்சிட்டீங்களா?" நல்ல வேளை, செக்கிங் யாரும் ஏறவில்லை.

மலை ஏற ஏற எனக்கு ஜன்னல் போதுமாக இருந்தது. அவருக்குப் புது வாசகர் தேவைப்பட்டார். பக்கத்து சீட்டில் சாமை மூட்டையைக் காலுக்கடியில் இடுக்கிக்கொண்டு ஒரு மலைக்கார ஆயா.

"ஆயா, ஈ.டி. பாத்திருக்கீங்களா?"

"ஈ.பி.காரனா? போன வாரந்தான் வந்துட்டுப் போனான். லைன் இன்னும் வரலை."

"ஈ.பி. இல்ல ஆயா, ஈ.டி. ஆகாசத்துலேருந்து வருவான்."

"எங்கேருந்து வந்தா என்னா சாமி, லைன் வரலையே."

சுமார் 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு, நடுவில் வெள்ளைக் குவிமாடங்கள். பெரிய குவிமாடத்துக்குள் வேணு பாப்பு தொலைநோக்கி. ஆடியின் விட்டம் மட்டும் 2.3 மீட்டர், உள்நாட்டிலேயே வடிவமைத்துச் செய்தது. 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார். அண்ணாந்து பார்த்த எனக்குப் பேச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்ததை அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தின் முன்னால் கடந்து போனபோது, அந்த நட்சத்திர ஒளி விட்டு விட்டு மங்கியதை இங்கிருக்கும் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் பிடித்திருக்கிறது. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று தெரியவந்ததில் காவலூருக்கும் பங்கு உண்டு. நான் இதைச் சொல்லி முடித்ததும் அவர், "1977-ஆ? ஸ்டார் வார்ஸ் வந்த வருஷம் சார்!" என்றார்.

1988-ல் இங்கே கண்டுபிடித்த குறுங்கோளுக்கு ராமானுஜன் பேர் வைத்திருக்கிறார்கள், எண் 4130 என்றேன். அங்கேயே உள்ளங்கையில் கணக்குப் போட்டார். 4310-லிருந்து 0134 போனால் 4176; 7641-லிருந்து 1467 போனால் 6174. "ரெண்டே தடவையில!" என்று, அந்தக் குறுங்கோளுக்குத் தானே நம்பர் போட்டுக் கொடுத்தவர்போல நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கணத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இருட்டியது. காட்டுக்கு மேல் நட்சத்திரங்கள் உப்பைக் கொட்டினாற்போலக் கிடந்தன. வரிசை நகர்ந்தது. அன்றைக்குச் சனி. கொசு அளவில், வளையத்தோடு, யாரோ ஒட்டிவைத்த ஸ்டிக்கர் மாதிரி கச்சிதமாக இருந்தது. என் முறை முடிந்து அவர் குனிந்தார். நேரமாயிற்று. பின்னால் நின்ற குழந்தை சிணுங்கியது. நிமிர்ந்தவர் சொன்னது: "இன்டர்ஸ்டெல்லார்ல இதைவிடப் பெரிசா இருந்துச்சு."

வெளியே வந்ததும் ஆரம்பித்தார். "'2001: ஸ்பேஸ் ஒடிஸி' புத்தகத்துல கிளார்க் விண்கலத்தைச் சனிக்குத்தான் சார் அனுப்புறார். படத்துல குப்ரிக் அதை வியாழனா மாத்திட்டார். ஏன்னா அந்தக் காலத்துல இந்த வளையத்தை நம்புற மாதிரி செட் போட முடியல." கொஞ்சம் நிறுத்தி, "நேர்ல பார்த்தாலும் நம்புற மாதிரி இல்லதான்" என்றார். அவர் சொந்தமாகச் சொன்ன ஒரே விமரிசனம் அதுவாகத்தான் இருக்கும்.

இறங்குகிற பஸ்ஸில் கூட்டமில்லை. மங்கலான டியூப் லைட்டின் கீழ் ஜோல்னாப் பையைத் திறந்தார். பாலிதீன் உறைக்குள் இன்னொரு பாலிதீன் உறை. அதற்குள் அட்டை கிழிந்து, முதுகில் பசைக்குப் பதில் சோற்றுப் பருக்கை தடவி ஒட்டிய காமிக்ஸ். முத்து காமிக்ஸ் 1972-ல் தொடங்கியபோது முதல் இதழாக வந்தாரே, அந்த இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நீந்துகிற பக்கம் வந்தது. உதடு அசைய, ஒரு கட்டம் விடாமல் படித்தார். சிரித்தார். இத்தனை வருஷத்தில் அவர் படித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இந்தப் பெயரை ஒரு தடவைகூட யாரிடமும் அவர் சிபாரிசு செய்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"சார், கொஞ்சம் குடுங்க, பார்த்துட்டுத் தர்றேன்" என்று கையை நீட்டினேன்.

உறைக்குள் உறையாகப் போட்டுப் பையை மூடினார். "இது உங்களுக்குப் பிடிக்காது சார்" என்றார்.