வேர்க்கும் முட்டி

எங்கள் லயத்துக் காம்பராவில் குளிர்ந்த பொருள் என்று இருந்தது ஒன்றுதான்: இஸ்தோப்பு மூலையில் மணல்மேல் வைத்திருந்த அம்மாயியின் தண்ணீர் முட்டி. ருவான்வெல்லைப் பக்கத்து றப்பர்த் தோட்டம். வெயில் ஏறினால் மரத்தில் பால் இறங்குவது குறைந்துவிடும். அதனால் விடியுமுன்னே அம்மா பால் வெட்டப் போய்விடுவார். பத்து மணி தாண்டினால் தகரக் கூரை அடுப்பாகிவிடும். அப்போது அம்மாயி சாக்கை நனைத்து முட்டியைச் சுற்றுவாள். காயக் காய நனைக்க வேண்டும். தண்ணீருக்குப் பீலிக்கரைக்கு ஓடுவது என் வேலை.

"முட்டி வேர்த்தாத்தான்டா தண்ணி குளுரும்" என்பாள்.

அதன் கணக்கைப் பிறகு பள்ளிக்கூடத்தில் படித்தேன். ஒரு கிராம் நீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைவரை சூடாக்க ஏறக்குறைய 420 யூல் போதும். அதே ஒரு கிராம் கொதிநீர் ஆவியாகிப் போக 2,260 யூல் வேண்டும். போகிற நீர் சூட்டையும் வாரிக்கொண்டு போகிறது. ஆனால் எங்களுடையது மழை ஊர். காற்றே ஈரமாய்க் கிடக்கும் நாட்களில் சாக்கும் காயாது, முட்டியும் குளிராது.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். கொழும்பில் வேலை நின்று நானும் ஊரோடு வந்துவிட்டேன். அக்கா மகனுக்குப் பாடமெல்லாம் போனில். அதே தகரத்துக்குக் கீழே பதினொரு மணிக்குப் போன் கொதிக்கும். திரை மங்கி, பிறகு அணைந்தேவிடும். ஈரத்துணியை அதன் முதுகில் போட்டு விசிறுவேன். அது சூடாறி எழும்பும்போது கணக்கு வகுப்பு முடிந்திருக்கும். பையன் ஒன்றும் பேசாமல் கொப்பியை மூடுவான். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது அவன் டவுனில் போன் திருத்துகிறான். போன மாதம் உடைந்த போனொன்றைக் கழற்றி, உள்ளேயிருந்த செப்புத் தகட்டை என் கையில் வைத்தான்.

"மாமா, இதுக்குள்ள தண்ணி இருக்கு."

அரை மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லை. வெட்டிக் காட்டினான். இரண்டு மெல்லிய தகடுகள், நடுவே பொட்டுப் பொட்டாய்த் தூண்கள், உட்புறம் துணியைவிட நெருக்கமாய் நெய்த செப்புவலை. விரலால் தடவினேன், ஈரமே தெரியவில்லை. அவ்வளவு கொஞ்சம் தண்ணீர்.

உள்ளே காற்றை இழுத்துவிட்டு மூடியிருப்பதால் 40, 50 பாகைச் சூட்டிலேயே அந்த நீர் ஆவியாகிறது. சிப் சுடும் இடத்தில் ஆவியாகி, குளிர்ந்த ஓரத்துக்குப் பாய்ந்து, சூட்டை அங்கே இறக்கிவைத்துவிட்டு மறுபடி நீராகிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல வலை அதைத் திரும்ப இழுத்து வருகிறது. வெளிக்காற்றின் ஈரம் இதை ஒன்றும் செய்யாது. 1963இல் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் இதையே குழாய்க்குள் செய்து காட்டினார். அந்தக் குழாயைத் தட்டையாக்கியதுதான் இந்தத் தகடு. 2025இல் வந்த ஐபோன் 17 ப்ரோவுக்குள்ளும் இருக்கிறது.

நான் அந்த வலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பீலிக்கும் இஸ்தோப்புக்குமாக நான் நடந்த நடை முழுவதும் அதற்குள் இருந்தது.

மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். அதே லயம், அதே தகரம். கையளவு போனுக்குப் பட்ட பாட்டில் கொஞ்சம் இந்தக் கூரைக்கும் யாராவது பட்டிருக்கலாம். அக்கா கூரைமேல் ஈரச் சாக்குகளை விரித்திருந்தாள். ஓரங்கள் காய்ந்து சுருண்டுகொண்டிருந்தன. வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்கு நடந்தேன்.