அறிவிப்பாளர் அண்ணை

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் அண்ணை இருக்க இடம் தேடமாட்டார். பாட்டு எங்கே போகிறது என்றுதான் காது தேடும். முதல் இசை கேட்டதும் கை உயரும்.

"படம் நினைத்தாலே இனிக்கும். ஆண்டு 1979. இசை மெல்லிசை மன்னர், பாடல் கவியரசர், இயக்கம் பாலசந்தர். பாடுகிறவர்..."

இந்தப் 'பாடுகிறவர்' வருவதற்குள் பாடுகிறவர் பாதிப் பாட்டைப் பாடி முடித்திருப்பார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. இலங்கை வானொலியில் இதே பாட்டைக் கே.எஸ். ராஜா எப்படிப் போடுவார், அப்துல் ஹமீது எப்படிப் போடுவார், ராஜேஸ்வரி சண்முகம் எப்படிப் போடுவார் என்று மூன்று பேரும் வரிசையாக அவர் தொண்டைக்குள்ளிருந்து வருவார்கள். ராஜா என்றால் மூச்சு விடாத வேகம். ஹமீது என்றால் எழுத்து எழுத்தாகக் கழுவி அடுக்கின மாதிரி உச்சரிப்பு. ராஜேஸ்வரி அக்காவுக்கு மட்டும் அண்ணையின் குரல் ஏறாது. கண்ணை மூடிச் சமாளிப்பார். அதற்குள் சரணமும் போய், பாட்டும் போய், பஸ் அளம்பிலுக்கு வந்திருக்கும்.

இவ்வளவுக்கும் அவருடைய தீராத முறைப்பாடு என்ன தெரியுமோ? "இப்பத்தைய எஃப்.எம். பெடியள் பாட்டுக்கு மேல கதைக்கிறாங்கள்." 1998இல் சூரியனும் சக்தியும் வந்த காலத்திலிருந்து இதையேதான் சொல்கிறார். "பாட்டு முடிய முந்தி வாய் திறக்கிறவன் அறிவிப்பாளனே?" என்பார். இதையும் பாட்டு ஓடும்போதுதான் கேட்பார். ஒருமுறை சாரதி பொறுக்கமாட்டாமல் பாட்டை நிற்பாட்டிவிட்டான். அண்ணைக்கு வந்ததே கோபம்! "ஏன் தம்பி நிப்பாட்டினனீ? பாட்டில்லாமல் நான் எதையடா அறிவிக்கிறது?"

வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஒலிபெருக்கியில் சீர்காழி பாடினால் அம்மனுக்கும் விபரம் சொல்லுவார்.

நேரம் கேட்டால் வெறும் நேரம் வராது. 'இலங்கை நேரம்' வரும். 2017 ஏப்ரல் 30, பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நின்ற இரவு, படலையடியில் நின்று மரண அறிவித்தல் வாசித்தார். உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டு முறையாக முடித்தார். நாங்கள் சிரித்தோம். ராஜா 1994இல் கொழும்பில் கொலையுண்டவர். அந்த அறிவித்தலை மட்டும் அண்ணை இன்றுவரை வாசித்ததில்லை.

உள்ளதைச் சொல்லவேண்டும். எழுபதுகளின் நாயாற்றில் கரைவலை இழுத்த கையோடு றேடியோவைத் திருகின பெடியன் அவர். சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' போகிற நேரம் வலை பொத்துகிற ஊசிகூட அசையாது என்று சொல்லுவார். நேயர் விருப்பத்துக்கு அவர் எழுதிப்போட்ட தபாலட்டைக் காசுக்கு ஒரு தெப்பம் வாங்கியிருக்கலாம் என்று அவருடைய ஆச்சி ஏசுவாவாம். ஒரேயொரு நாள் நேயர்களின் பெயர் வரிசையில் ராஜா 'நாயாறு' என்று சொல்லிக்கொண்டு ஓடினாராம். அந்த ஓட்டத்தில் ஆருடைய பெயர் என்று பிடிபடவில்லை. தன்னுடையதுதான் என்று அண்ணை சத்தியம் பண்ணுவார். நாயாற்றிலிருந்து வேறு எவன் எழுதியிருக்கப்போகிறான்? நானும் நம்புகிறேன்.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் விடமுடியாது.

1984 டிசம்பரில் யுத்தத்தால் ஊர் இடம்பெயர்ந்து, பிறகு நாங்கள் முள்ளியவளைப் பக்கம் இருந்த காலம். 90க்குப் பிறகு வன்னிக்குப் பற்றரி வரத் தடை. செத்த பற்றரியை வெயிலில் காயவைத்தும் உப்புத் தண்ணி விட்டும் பார்த்து, கடைசியில் சைக்கிளைக் கவிட்டு வைத்தோம். டைனமோ வயரை றேடியோவுக்குக் கொடுத்து மிதியைக் கையால் சுற்றவேண்டும். சுற்றுகிறது நான், கேட்கிறது அவர். வெரித்தாஸ் வானொலிக்கும் சுற்றினேன், இரவு 9.15க்குத் தமிழோசைக்கும் சுற்றினேன். கை சளைத்தால் குரல் கம்மும். "சுத்தடா தம்பி, ஆனந்தி அக்கா செய்தி சொல்லுறா!" என்று கத்துவார். அவருடைய காது றேடியோவோடு ஒட்டியிருக்கும். என் காதில் விழுந்தது சங்கிலிச் சத்தமும், டைனமோ டயரில் உரசுகிற கிரீச்சும்தான். செய்தி முடிந்து அவர் தேடிப்பிடித்துக் கேட்ட பழைய பாட்டுகளும் எனக்கு அதே கிரீச்சுத்தான்.

இப்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்துகொண்டு கேட்கிறார்: "உனக்கென்னடா தெரியும்? அந்தக் குரலுகளை நீ ஒழுங்காக் கேட்டிருக்கிறியோ?"

கேட்டிருப்பேன் அண்ணை, ஒரு நாளைக்காவது நீங்கள் சுற்றியிருந்தால்.