மானின் பின்புறம்: ஓர் ஆராய்ச்சி

புதுக் கேமரா வாங்கியவர் எடுக்கும் மான் படத்தில் முதலில் விழுவது மானின் பின்புறமே என்பது இவ்வாய்வின் கருதுகோள். சான்று, ஐயம்பேட்டையில் பட்டுத்தறி நெய்யும் இளைஞர் ஒருவரின் மெமரி கார்டு. வாலாஜாபாத்தில் ரயிலேறி, கிண்டியில் இறங்கி, சென்னை ஐஐடி வளாகத்தில் குடியிருக்கும் அத்தை வீட்டுக்குப் போய் எடுத்த படங்கள். அவற்றை மூவகைப்படுத்தலாம்: வால் படம், புதர் படம், ‘இப்பதான் இங்க நின்னுச்சு’ படம். மூன்றாம் வகையில் புல் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது.

காரணம் மானின் முகத்திலேயே இருக்கிறது. கண்கள் இரண்டும் பக்கவாட்டில் அமைந்திருப்பதால், நேர் பின்னால் ஒரு கீற்றைத் தவிரச் சுற்றிலும் தெரியும். காதுகள் தனித்தனியே திரும்பும். ‘இன்னும் ரெண்டடி’ என்று நம்மவர் நகர்ந்ததும் ஒரு புள்ளிமான் தலை தூக்கிற்று. முன்னங்காலால் தரையைத் தட்டிற்று. கீச்சென்று ஒரு குரல். அவ்வளவுதான், வாலை உயர்த்தி அடியிலுள்ள வெள்ளையைக் காட்டிக்கொண்டு மந்தை மொத்தமும் மறைந்தது. வால் படம் பிறந்த வரலாறு இது.

இலக்கணப்படியும் இது பிழை. மான் முல்லைத் திணையின் கருப்பொருள். அத்திணைக்கு உரிப்பொருள் இருத்தல். நம்மவரோ இருக்கவே இல்லை. அவர் துரத்தத் துரத்த, பாலைக்குரிய பிரிதலை மான்கள் நிகழ்த்திக் காட்டின.

துரத்தினால் மான் சிக்காது என்பதை முன்னோர் அறிந்திருந்தார்கள். அமெரிக்காவின் ஜார்ஜ் ஷிராஸ் இரவில் படகில் ஓசையின்றி மிதந்து போய், ஏரிக்கரை மான்களை ஃபிளாஷ் ஒளியில் படம் பிடித்தார். அவர் எடுத்த 74 விலங்குப் படங்களை 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகிரபிக் வெளியிட்டது. அவருடைய இன்னொரு உத்தி, வழியில் நூலைக் கட்டிவிட்டு விலகிவிடுவது. மான் நூலை இடறித் தன்னைத் தானே படமெடுத்துக்கொள்ளும். நூலோடே பிறந்து வளர்ந்த ஐயம்பேட்டைக்காரருக்கு இது தோன்றாமல் போனதை ஆய்வுலகம் மன்னிக்காது.

நம்மூர் மா. கிருஷ்ணன் (1912–1996), ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். பல பாகங்களைச் சேர்த்துத் தாமே கட்டிய கனத்த கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர். அதில் விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார், பலமுறை யானை முதுகில் அமர்ந்தபடி.

கேமராவே இல்லாமல் இவர்கள் எல்லாரையும்விட நெருங்கியவர் மாமல்லபுரத்துச் சிற்பி. அர்ச்சுனன் தபசுப் பாறையின் அடியில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிகிறது. 7ஆம் நூற்றாண்டுக் கல்லில் இன்னும் அந்த அரிப்பு தீரவில்லை. அந்த ஒரு கணத்தைப் பார்க்க எத்தனை காலை புல்லில் உட்கார்ந்திருந்தாரோ!

மூன்றாம் நாள் நம்மவரும் உட்கார்ந்தார். கொள்கையால் அல்ல, கால் வலியால். ஆலமரத்தடியில் அரை மணி அசையாமல் கிடந்தவரின் எதிரே ஒரு கலை, அதாவது ஆண் புள்ளிமான், தானாக மேய்ந்துகொண்டு வந்தது. நேர் முகம். ஈர மூக்கு. முதுகுத் தண்டையொட்டிப் பாவில் கட்டிய புட்டாபோல வரிசையாகப் புள்ளிகள்.

பிரிண்ட் போட்ட கையோடு, சேலைக்கு டிசைன் போடும் பெரியவரிடம் ஓடினார். முந்தியில் இந்த மான் வரவேண்டும். பெரியவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கட்டம் போட்ட தாளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தலை நல்லா வந்திருக்கு தம்பி. கொம்பு எங்க?”

வெளிமானுக்குக் கொம்பு ஆயுளுக்கும் நிற்கும். புள்ளிமான் கலைக்கோ ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாக முளைக்கும். படத்தில் இருந்தவை இரண்டு சிறு மொட்டுகள்.

“விழுந்திருக்குண்ணே. திரும்ப முளைச்சிடும்.”

“முளைச்சப்புறம் எடுத்துட்டு வா. இதை இப்படியே சரிகையில போட்டா, வாங்குறவங்க ஆடுன்னுடுவாங்க.”